எழுதியவன் கையில் ஏடு இருக்க வேண்டும்!

ஒரு மொழியின் வாழ்வு அதனைப் பேசுவோர் நாவில் மட்டும் அடங்கியதன்று. அம்மொழியில் எழுதப்பெற்ற ஏடு எவர் கையில் இருக்கின்றது என்பதிலும் அடங்கியுள்ளது. தமிழர் எழுதாமல் இழந்தவை சில. எழுதியும் காவாமல் இழந்தவையோ பலப்பல. ஓலையைச் செல் அரித்தது, அடுப்பு எரித்தது, பதினெட்டாம் பெருக்கு அடித்துச் சென்றது. எஞ்சியவற்றை ஊர் ஊராய்த் தேடி, 1887-ஆம் ஆண்டில் கலித்தொகையைச் சி. வை. தாமோதரனாரும், சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதரும் அச்சேற்றினர். அவர்களின் உழைப்பு பெரிது. ஆயினும் அவ்வுழைப்பு பயன் தந்ததற்கு மற்றுமொரு கரணியம் உண்டு. ஒரு நூலுக்குப் பல படிகள், பல ஊர்களில், பலர் வீட்டுப் பரண்களில் இருந்தன. ஓரிடத்துப் படி அழிந்தாலும் வேறோரிடத்துப் படி பிழைத்தது.

பல படிகள் இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. 1981-ஆம் ஆண்டு சூன் திங்கள் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்தும் இருந்த அச்சு நூல்களை மீண்டும் வாங்கலாம். அங்கு மட்டுமே இருந்த ஓலைச் சுவடிகளை எப்பொருள் கொடுத்தும் மீட்கவியலாது. ஒரே இடத்தில், ஒரே படியாக இருக்கும் எழுத்து, பகைவன் கைத் தீக்குச்சிக்கோ பாதுகாப்பான் அயர்வுக்கோ அடகு வைக்கப்பட்ட எழுத்தாகும்.

இக்கருத்தை மனத்திற்கொண்டு இற்றைத் தமிழ் எழுத்து எங்கே கிடக்கின்றது என்று பார்த்தல் வேண்டும். இன்று தமிழ்ப் பற்றாளர் பலர் தாளில் எழுதுவதினும் இணையத்தில் எழுதுவதே மிகுதி. வேர்ச்சொல் ஆய்வும், ஊர்ப்பெயர் ஆய்வும், பிறமொழிச் சொற்களுக்கு ஈடான தமிழ்ச்சொல் ஆக்கமும் வலைப்பூக்களில் நாடோறும் மலர்கின்றன. ஆனால், அவ்வெழுத்துகளின் படி எழுதியவர் கையில் இருக்கின்றதா எனின், பெரும்பாலோர்க்கு இல்லை. ஏதோ ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் கட்டத்துள் நேரே தட்டெழுதி, அதன் பொத்தானை அழுத்தி வெளியிடுகின்றனர். எழுதியது அந்நிறுவனத்தின் தரவுத்தளத்தில் கிடக்கின்றது. எழுதியவர் கையில் எஞ்சுவது ஒரு கடவுச்சொல் மட்டுமே. அவர் மறைந்தால் அதுவும் அவரோடு மறைகின்றது.

இவ்வகை நிறுவனங்கள் நிலையானவை அல்ல. 1994-இல் தொடங்கிய சியோசிட்டீசு, எவரும் விலையின்றித் தம் பக்கங்களை அமைத்துக்கொள்ள இடந்தந்தது. 1999-இல் யாகூ அதனை வாங்கியது. 2009 அக்தோபரில் அமெரிக்கத் தளத்தை மூடியது. தொடக்கக் காலத் தமிழ்ப் பக்கங்களும் அதனோடு போயின. கூகுள் நிறுவனம் நடத்திய 'கூகுள் பிளசு' 2019 ஏப்பிரலில் மூடப்பெற்றது. இவற்றில் எவரும் தமிழுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்யவில்லை. தம் கடையைத் தாம் மூடினர், அவ்வளவே. குடிக்கூலி கூடக் கொடாமல் பிறன் திண்ணையில் கடை விரித்தவன், வீட்டுக்காரன் கதவடைத்தபின் அழுது பயன் என்ன?

இந்நிலைக்கு மாற்று உண்டு. அது புதிதும் அன்று. பெரும் பொருட்செலவு உடையதும் அன்று. எழுத்தை வெற்றுரைக் கோப்பாக எழுதுவோன் தன் கணிப்பொறியிலேயே வைத்துக்கொண்டு, அதிலிருந்து வலைப்பக்கங்களைத் தானே ஆக்கி வெளியிடுவதே அம்மாற்று.

வெற்றுரை என்பது எழுத்துகளன்றி வேறெதுவும் கலவாத கோப்பு. எழுத்தின் பருமன், நிறம், ஓரம் என்னும் ஒப்பனைகளுள் எதுவும் அதில் இல்லை. அதனைத் திறக்கக் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் மென்பொருள் வேண்டுவதில்லை. எக்கணிப்பொறியிலும் எந்த எளிய உரைத்தொகுப்பியிலும் திறக்கும். 1971-இல் அமெரிக்கராகிய மைக்கேல் ஆர்ட்டு என்பார் தம் நாட்டு விடுதலை அறிக்கையைக் கணிப்பொறியில் தட்டெழுதிக் குட்டன்பெர்க்குத் திட்டத்தைத் தொடங்கினார். அத்திட்டம் வெற்றுரையையே அடிப்படையாகக் கொண்டது. அரை நூற்றாண்டில் எத்தனையோ மென்பொருள்கள் தோன்றி மறைந்தன; வெற்றுரையோ இன்றும் படிக்கக் கிடக்கின்றது. அதன் சிறுமையும் கருதத் தக்கது. ஒருங்குறியில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு இடம் வேண்டும். அவ்வாறிருந்தும் 1330 குறட்பாக்களும் அரை மெகாபைட்டுக்கும் குறைந்த இடத்தில் அடங்கிவிடும். ஓர் ஒளிப்படம் அடைக்கும் இடத்தில் பல திருக்குறள்கள் குடியிருக்கும்.

ஒப்பனையற்ற உரையில் தலைப்பு எது, மேற்கோள் எது என்று எவ்வாறு காட்டுவது? அதற்கெனச் சில எளிய குறிகள் உள்ளன. 2004-இல் சான் குரூபர் என்பார் ஆரோன் சுவார்ட்சு என்பாரின் துணையோடு வெளியிட்ட 'மார்க்டவுன்' என்னும் குறிமுறை அவற்றுள் பரவலானது. வரியின் தலையில் '#' இட்டால் அது தலைப்பு. '>' இட்டால் மேற்கோள். ஒரு சொல்லின் இருபுறமும் உடுக்குறி இட்டால் அழுத்தம். ஒரு வரியை வெறுமையாய் விட்டால் புதிய பத்தி. யாப்பிலக்கணம் கற்றவர்க்கு இக்குறிகள் ஒரு மாலைப் பொழுதின் பாடம். இவற்றின் சிறப்பு, ஆக்கப்படாத நிலையிலும் அவ்வுரையைக் கண் தடையின்றிப் படிக்கும் என்பதே.

இனி, இக்கோப்புகளை வலைப்பக்கங்களாக மாற்றும் கருவி ஒன்று வேண்டும். 'சிடேட்டிக் சைட் செனரேட்டர்' என ஆங்கிலத்தில் வழங்கும் அதனை நிலைப்பக்க ஆக்கி எனலாம். தாம் பிரசிட்டன் வெர்னர் என்பார் 2008-இல் வெளியிட்ட செக்கிலும், இசுடீவ் பிரான்சியா என்பார் 2013-இல் தொடங்கிய இயூகோவும் இவ்வகையின. எழுதுவோர் ஒவ்வொரு கட்டுரைக் கோப்பின் தலையிலும் தலைப்பு, நாள், பொருட்பகுப்பு ஆகியவற்றைச் சில வரிகளில் குறிக்கின்றனர். ஒரு கட்டளை தந்தவுடன், ஆக்கி எல்லாக் கோப்புகளையும் படித்து, குறிகளை உலாவிக்குப் புரியும் மீயுரையாக மாற்றி, முன்பே வகுத்த வார்ப்பில் ஊற்றி, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பக்கத்தையும், முகப்பையும், நாள்வரிசைப் பட்டியலையும் செய்து ஓர் அடைவில் அடுக்கி வைக்கின்றது. அவ்வடைவை அப்படியே வழங்கியில் ஏற்றினால் வெளியீடு முடிந்தது.

பிறவகைத் தளங்களில், படிப்பவர் ஒருவர் வரும்பொழுதெல்லாம் வழங்கியில் உள்ள நிரல் விழித்தெழுந்து, தரவுத்தளத்தைக் கிளறி, பக்கத்தை அப்பொழுதே சமைத்துத் தர வேண்டும். அந்நிரலை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிடின் கயவர் உள்ளே புகுவர். புதுப்பித்தால் பழைய பகுதிகள் சில முரண்டு செய்யும். நிலைப்பக்கமோ முன்பே அச்சிட்டு அடுக்கிய இதழ் போன்றது. கேட்பவர்க்கு எடுத்து நீட்டுவதொன்றே வழங்கியின் வேலை. ஊழியம் குறைவு, செலவு குறைவு, உடையும் மூட்டுகளும் குறைவு. கிட்டப் போன்ற நிறுவனங்கள் இப்பக்கங்களை விலையின்றியும் ஏற்று வழங்குகின்றன.

'அதுவும் அயல்நாட்டு நிறுவனந்தானே' என்று கேட்பார் உளர். கேள்வி முறையானதே. ஆயின் வேறுபாடு மிகப் பெரிது. முன்னதில் நிறுவனத்திடம் இருப்பது முதல். பின்னதில் நிறுவனத்திடம் இருப்பது படி. நாளை அந்நிறுவனம் கதவடைத்தால், அதே அடைவை அன்று மாலையே வேறொரு வழங்கியில் ஏற்றலாம். ஆக்கியே மறைந்தொழிந்தாலும், வெற்றுரைக் கோப்புகள் இருக்கும். தலைவரிகளைச் சற்றே திருத்தி வேறோர் ஆக்கிக்கு அவற்றை ஊட்டலாம். எழுதுவோன் தனக்கென ஒரு தளப்பெயரைப் பதிவு செய்து ஆண்டுதோறும் புதுப்பித்து வருவானாயின், வழங்கி மாறியது படிப்பவர்க்குத் தெரியவும் தெரியாது.

இவ்வளவும் நன்றே. எனினும், இக்கருவிகள் தமிழை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல என்பதை மறத்தலாகாது. ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டும்பொழுது எங்கெங்கே இறுக்குகின்றது என்று தெரிந்திருத்தல் வேண்டும்.

முதற்கண், செய்யுள். மார்க்டவுனில் அடுத்தடுத்து எழுதிய வரிகள் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். உரைநடைக்கு அது பொருந்தும். நேரிசை வெண்பா ஒன்றை நாலடியாக எழுதிவைத்தால், நாலடியும் தனிச்சொல்லும் ஒன்றாய்க் கலந்து உரைநடைபோல் வெளிவரும். ஒவ்வோர் அடியின் ஈற்றிலும் இரண்டு இடைவெளிகள் இட்டாலன்றி அடி பிரியாது. அடியை உள்தள்ள எண்ணிப் புதுப் பத்தியின் தொடக்கத்தில் நான்கு இடைவெளிகள் விட்டாலோ, அதனை நிரல்வரி என்று கருவி கொள்ளும். இதனை அறியாதார் பாட்டைச் சிதைத்துவிட்டுக் கருவியைப் பழிப்பர்.

அடுத்தது, அகரவரிசை. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் தொல்காப்பிய நெறிப்படி நிற்கவில்லை. ஆய்தம் அகரத்துக்கும் முன்னே நிற்கின்றது. சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் வடவெழுத்தொன்று குந்தியிருக்கின்றது. னகரம் நகரத்தை அடுத்து நிற்கின்றது. ய, ர, ல, வ, ழ, ள என வரவேண்டியவை ய, ர, ற, ல, ள, ழ, வ என நிற்கின்றன. மெய்ப்புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னே தள்ளப்பட்டுள்ளது. எனவே, குறியெண் வரிசையையே பற்றிச் செல்லும் கருவி 'பகல்', 'பகை' ஆகியவற்றை முன் வைத்துப் 'பக்கம்' என்பதைப் பின் வைக்கும். தமிழ் அகரமுதலியில் 'பக்கம்' அன்றோ முந்துவது! இதற்கு மருந்தும் உண்டு. தமிழ் நெறிப்படி அடுக்கும் வரிசைமுறையை ஒருங்குறி அவையமே தனியே வெளியிட்டுள்ளது. அதனைக் கேட்டுப் பெறும்படி கருவிக்குச் சொல்ல வேண்டும். சொல்வார் இல்லையேல், தமிழ்ச் சொல்லடைவு தமிழ் வரிசையில் இராது.

மூன்றாவது, பக்கத்தின் முகவரி. ஆக்கி, கட்டுரையின் தலைப்பிலிருந்து முகவரியைத் தானே அமைக்கும். அப்பொழுது எழுத்தல்லாதவற்றை நீக்கித் துப்புரவு செய்யும். எது எழுத்து, எது எழுத்தன்று என்று முடிவு செய்வது எவர்? பைத்தான் நிரல்மொழியில் சொல்லெழுத்தைக் குறிக்கும் உள்ளமைந்த வாய்பாடு, தமிழின் உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. அவ்வாய்பாட்டை நம்பித் துப்புரவு செய்யும் நிரலில் 'தமிழ்' என்பது 'தமழ' ஆகும். 'கொடை' என்னும் தலைப்பும் 'கேடு' என்னும் தலைப்பும் 'கட' என ஒன்றாய்விடும். கொடைக்கும் கேட்டுக்கும் வேறுபாடு தெரியாத ஒரு துப்புரவு! சில இடங்களில் முகவரி சிதையாமல் நின்றாலும், படியெடுத்து ஒட்டும்பொழுது ஒவ்வொரு குறியும் ஒன்பது குறிகளாய் விரிந்து, 'தமிழ்' என்னும் ஒரு சொல் நாற்பத்தைந்து குறிகளாய் நீளும். அதனைக் கண்டு அஞ்சித் தமிழர் தம் கட்டுரைகளுக்கு ஆங்கில முகவரி இட்டுக்கொள்கின்றனர். நோயை விட்டு நோயாளியை மாற்றுவது போன்றது அது.

இவற்றுக்கெல்லாம் வேர் எங்கே உள்ளது? 1991-இல் ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்தபொழுது, வடநாட்டு எழுத்துகளுக்கு வகுத்த அச்சிலேயே தமிழும் வார்க்கப்பட்டது. 128 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. ஆய்தத்துக்கு 'விசர்க்கம்' என்றும், மெய்ப்புள்ளிக்கு 'விராமம்' என்றும் பெயர் சூட்டப்பெற்றது. ஒருமுறை சூட்டிய பெயரை மாற்றுவதில்லை என்பது அவ்வவையத்தின் நெறி. தமிழர் உரிய காலத்தில் உரிய இடத்தில் இருந்து பேசாததன் விலையை இன்றளவும் ஒவ்வொரு தமிழ்ப் பக்கமும் செலுத்துகின்றது. பின்னர் 2010 சூனில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும், எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி இடந்தரும் பதினாறு துண்மிக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. ஆயினும் உலகெங்கும் உலாவிகளும் கருவிகளும் அறிந்தது ஒருங்குறியே.

குறையுடையது என்று ஒருங்குறியைத் தள்ளுவதும் அறிவுடைமை ஆகாது. அதற்கு முந்திய நிலையை மூத்தோர் அறிவர். அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம் இருந்தது. ஒன்றில் அடித்த கட்டுரையை மற்றொன்றில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குப்பையே கண்ணிற்படும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் தரம் வகுக்க முனைந்ததும் இவ்விடரைக் கண்டுதான். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தொண்டர்களின் கையுழைப்பால் பழந்தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றியது. பழைய குறியேற்றத்தில் இருந்தவற்றைப் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றியது. சுவடியைப் பெயர்த்தெழுதிய பழம்புலவர் தொண்டுக்கு இது சற்றும் குறைந்ததன்று. இன்னமும் பழைய எழுத்துருக்களில் தம் கட்டுரைகளை முடக்கி வைத்திருப்போர், முதலில் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். மாற்றாத கோப்பு, செல்லரித்த ஓலைக்கு ஒப்பானதே.

மேற்சொன்ன குறைகளைக் களைய வழியும் திறந்தே கிடக்கின்றது. செக்கில், இயூகோ முதலியவை திறந்த முதலுடைய கருவிகள். அவற்றின் நிரல்வரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தத்தை எழுதியவர்க்கே அனுப்பலாம். 'தமிழ் சிதைகின்றது' என்று மேடையில் முழங்குவோர் ஆயிரவர் உளர். ஓர் உயிர்க்குறி எங்கே விழுங்கப்படுகின்றது என்று கண்டு, அந்நிரல்வரியைத் திருத்தி அனுப்புவோர் எத்துணையர்? பொறியியல் கற்ற தமிழிளைஞர்க்கு இலக்கணம் தெரியவில்லை. இலக்கணம் கற்ற புலவர்க்கு நிரல் தெரியவில்லை. இருவரும் ஓரிடத்தில் அமர்ந்தால் ஒரு கிழமையில் தீரும் சிக்கல், இருவரும் ஒருவரையொருவர் அறியாமையால் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றது. புலவர் வரிசைமுறையை வகுத்துத் தரட்டும். இளைஞர் அதனை நிரலாக்கட்டும். தமிழ்த் திங்கட்பெயரும், தமிழ் எண்ணும், தூய தமிழ்த் தலைப்புகளும் அமைந்த வார்ப்பொன்றை ஒருமுறை செய்துவிட்டால், அதனை ஆயிரம் பேர் எடுத்தாளலாம்.

'அகவை முதிர்ந்த புலவர்க்கு இக்கட்டளைகளெல்லாம் இயலுமா?' என்பது அடுத்த தடை. கருவியை நிறுவுதலும் வழங்கியோடு இணைத்தலும் ஒருமுறை செய்யும் வேலை; அதனை அண்டை வீட்டு மாணவரே செய்து தருவார். அதன்பின் புலவர் செய்ய வேண்டுவது எழுதுதல் ஒன்றே. ஏட்டில் எழுத்தாணி பிடித்தும், ஈயக்கட்டைகளைத் தலைகீழாகப் படித்து மெய்ப்புத் திருத்தியும் பழகிய மரபுக்கு, வரியின் தலையில் ஒரு குறி இடுவது அரிதாகிவிடாது.

படிகளைப் பெருக்குதலும் உடன் நிகழ வேண்டும். கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் நாளோடும் திருத்தியவர் பெயரோடும் பதிந்து வைக்கும் கிட் என்னும் கருவி 2005 முதல் உள்ளது. பழஞ்சுவடிப் பதிப்பாளர் பாட வேறுபாடுகளைக் காணச் சுவடி சுவடியாய் ஒப்பிட்டு உழைத்தனர். இக்கருவியோ எச்சொல் எந்நாளில் எவ்வாறு மாறியது என்பதைத் தானே காட்டும். அதனினும் சிறப்பாக, கிட் வழியே படியெடுத்த ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் முழுத் தொகுப்பும் அதன் முழு வரலாறும் இருக்கும். சென்னையில் ஒரு படி, யாழ்ப்பாணத்தில் ஒரு படி, கோலாலம்பூரில் ஒரு படி என்று இருந்தால், எத்தீயும் அனைத்தையும் ஒருசேர எரித்தல் இயலாது. எழுதுவோர் தம் வாழ்நாளிலேயே தம் கோப்புகளை நம்பத்தக்க இருவர் மூவரிடம் கொடுத்து வைத்தல் வேண்டும். சிறந்தவற்றைத் தாளிலும் அச்சிடுதல் வேண்டும். தளப்பெயருக்கு உரிய கட்டணம் நின்றால் பக்கம் மறையும். ஆனால் படிகள் இருக்குமிடத்து எழுத்து மறையாது.

தூய தமிழில் எழுதுவோரின் எழுத்து சிறுபான்மை எழுத்து. பெருவணிக இதழ்கள் அதனைக் காவா. அயல்நாட்டு நிறுவனங்கள் அதன் அருமையை அறியா. அரசுகள் ஆண்டுக்கோர் உறுதிமொழி கூறி அமையும். அதனைக் காக்கும் கடமை அதனை எழுதியோர்க்கும் படிப்போர்க்கும் மட்டுமே உரியது. வடசொல்லை விலக்கித் தமிழ்ச்சொல்லை நாட்டுவதில் காட்டும் அதே உறுதியை, அச்சொல் எழுதப்பட்ட ஏட்டைத் தன் கைக்குள் வைப்பதிலும் காட்டுதல் வேண்டும். இத்திங்கள் முடிவதற்குள், வலைப்பூவில் எழுதும் ஒவ்வொரு தமிழன்பரும் தம் பழைய கட்டுரைகளையெல்லாம் ஒருங்குறி வெற்றுரையாகப் படியெடுத்து, தம் கணிப்பொறியில் ஓர் அடைவும், நண்பர் ஒருவரிடம் ஓர் அடைவுமாக வைக்கட்டும். நிலைப்பக்கமாக்கும் பணி அதன்பின் நிகழலாம். முதல் தன் கையில் இருப்பவனுக்கு எக்கடை மூடினும் கவலை இல்லை. அது கையில் இல்லாதவன் எத்துணை எழுதினும், பிறன் சுவரில் கரிக்கட்டையால் எழுதியவனே ஆவான். சுவருக்கு உரியவன் வெள்ளையடிக்கும் நாளில் அவன் எழுத்து முடிந்துபோகும்.